மட்டக்களப்பின் யானையறிவு: பணிக்கர் காலம் முதல் மிருகக்காட்சிச்சாலைத் தரவேடு வரை

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை என்றும் மேற்கரை படுவான்கரை என்றும் வழங்கும். படுவான்கரையிலே, போரதீவுப்பற்றுப் பகுதியில், ஆனைகட்டியவெளி என்றொரு கிராமம் உண்டு. ஊர்ப்பெயர்கள் எழுதப்படாத வரலாற்றின் எச்சங்கள் என்பர் அறிஞர். இப்பெயரிலுள்ள யானையைக் கட்டியவர் யார், எக்காலத்தவர் என்பவற்றைப் பெயர் நமக்குச் சொல்லவில்லை. எனினும் ஒன்றை உய்த்துணரலாம். காட்டிலிருந்து கொண்டுவந்த யானையை ஒரு வெளியிலே கட்டிவைத்து உயிரோடு பேணுதற்கு, அதன் உணவு, உறக்கம், அச்சம், சினம் ஆகியவற்றை அறிந்த மனிதர் வேண்டும். அத்தகைய அறிவு இப்பிரதேசத்தில் இருந்தது என்பதற்கு அப்பெயர் ஒரு சான்று எனலாம்.

இன்று உலகின் பெரிய மிருகக்காட்சிச்சாலைகளிலே ஒவ்வொரு விலங்கின் பிறப்பும் இறப்பும், உண்டதும் உறங்கியதும், நோயும் நடத்தையும் எழுதிவைக்கப்படுகின்றன. ஓரிடத்தில் எழுதப்பட்டது பிற இடங்களுக்கும் பயன்படுமாறு பகிரப்படுகின்றது. கூண்டிலும் வேலியிலும் அடைபட்ட உயிர்களின் துன்பத்தைக் குறைப்பதற்கு இம்முறை பெரிதும் உதவியுள்ளது. இம்முறை தோன்றி வளர்ந்த வரலாற்றிலே இலங்கையின் யானைகளுக்கும், சிறப்பாக மட்டக்களப்பின் பின்னிலக் காடுகளுக்கும், ஓர் இடமுண்டு. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். இலங்கையிலிருந்து யானை கடல் கடந்தபோது அதனைப் பற்றிய அறிவும் உடன் சென்றதா என்ற வினாவையே இங்குத் தொடர்ந்து எழுப்புவோம்.

பணிக்கரும் அவர்தம் அறிவும்

பணிக்கர் என்னுஞ் சொல் ஒரு கலையிற் பயின்று தேர்ந்தவரைக் குறிப்பது. கிழக்கிலங்கையிலே அது யானை பிடிப்பதில் வல்ல முஸ்லிம் மக்களுக்குரிய பட்டமாயிற்று. வாவியின் வடபால் அமைந்த ஏறாவூர் இவர்களாற் புகழ்பெற்ற ஊராகும். மன்னார்ப் பகுதியிலும் இத்தொழிலோர் இருந்தனர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் யேம்ஸ் எமேர்சன் தெனன்ற், தம் நூல்களிலே இவர்களை வியந்து எழுதியுள்ளார். தீவின் வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள சோனகர் ஊர்களில் வாழ்ந்த பணிக்கர் யானைகளைப் பிடித்தனர் என்றும், அவை அராபிய வணிகர் வாயிலாகத் தென்னிந்திய அரசர்களுக்கு அனுப்பப்பட்டன என்றும் அவர் குறிப்பிடுகின்றார்.

பெருங்கூட்டமாகச் சென்று பறையடித்து யானைகளைப் பந்திக்குள் ஓட்டுவது சிங்கள நாட்டிலும் பிறவிடங்களிலும் கையாளப்பட்ட முறை. 1950ஆம் ஆண்டு பனாமுறையில் நிகழ்ந்ததே அவ்வகையில் இறுதியானது. பணிக்கர் முறையோ இதனின் வேறானது. இருவர் அல்லது மூவர், தோலினாலே திரித்த வலிய கயிறொன்றை மட்டும் ஏந்திக் காட்டினுட் புகுவர். அடிச்சுவடு, ஒடிந்த கிளை, மிதிபட்ட புல் ஆகியவற்றைக் கொண்டு யானை எவ்வழி சென்றது, எவ்வளவு நேரத்துக்கு முன் சென்றது என்பவற்றை அறிவர். முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இருமடங்காக்கினால் யானையின் உயரம் கிடைக்கும் என்பதும் அக்காலத்து வேட்டுவர் அறிந்த கணக்காகும். யானையின் மோப்பம் கூரியது ஆதலின், காற்று யானையிடமிருந்து தம்மை நோக்கி வீசும் திசையில் நின்றே அணுகுவர். நின்ற யானை தன் காலை இடைவிடாது அசைக்கும் இயல்புடையது. அந்த அசைவிலே பின்னங்கால் நிலத்தை விட்டெழும் கணத்தில் சுருக்கினை நுழைத்து, கயிற்றின் மறுதலையை மரத்திற் சுற்றிவிடுவர்.

இம்முறையின் ஒவ்வொரு படியும் விலங்கின் நடத்தையைக் கூர்ந்து நோக்கியதன் பயனாகும். மோப்பம் பற்றிய அறிவு பிழைத்தாலோ, கால் எழும் கணம் தவறினாலோ பணிக்கர் உயிர்தப்புதல் அரிது. எனவே அவர்தம் அறிவு நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்துச் சோதிக்கப்பட்ட அறிவு எனல் பொருந்தும். ஆயினும் அது ஏட்டில் எழுதப்படவில்லை. தந்தை மகனுக்கும் மாமன் மருமகனுக்கும் காட்டிலே காட்டிக்கொடுத்த அறிவு அது. யானை கைமாறியபோது கயிறு கைமாறியது. அறிவு பணிக்கரிடமே நின்றுவிட்டது.

தெனன்ற் காட்டும் கணக்கு

தெனன்ற் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தவர். வாவியிலே இரவில் எழும் இசையொலியைத் தோணியில் அமர்ந்து கேட்டதும், அதன் காரணத்தை அவ்வூர் மீனவரிடம் உசாவியதும், அவர்கள் அதனை ஊரியின் ஒலி என்று கூறியதும் அவர் நூலிற் பதிவாகியுள்ளன. உள்ளூர் மக்களின் சொல்லைக் கேட்டு எழுதும் இவ்வழக்கமே பணிக்கரைப் பற்றிய செய்திகளையும் நமக்கு அளித்தது. ஆனால் அவர் தந்த செய்திகளுள் நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது வேறொன்று. அது யானைகளின் இறப்புப் பற்றிய ஒரு கணக்கு.

அக்காலத்தில் வீதி அமைக்கவும் மரம் இழுக்கவும் அரசாங்கத் திணைக்களங்கள் யானைகளை வைத்திருந்தன. 1831 முதல் 1856 வரையான 25 ஆண்டுகளில் அவற்றுள் 240 யானைகள் இறந்தன. பிடிபட்டபின் எவ்வளவு காலம் உயிரோடிருந்தன என்ற குறிப்பு அவற்றுள் 138 யானைகளுக்கே கிடைத்தது. அந்த 138இல் 72 யானைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. அந்த 72இலும் 35 யானைகள் முதல் ஆறு மாதங்களையேனும் கடக்கவில்லை.

இக்கணக்கு இரு செய்திகளை உணர்த்துகின்றது. காலக் குறிப்புக் கிடைத்த யானைகளுட் பாதிக்கு மேற்பட்டவை முதலாண்டிலேயே இறந்தன என்பது ஒன்று. எஞ்சிய 102 யானைகள் எவ்வளவு காலம் கட்டுண்டு வாழ்ந்தன என்பதை எவருமே எழுதிவைக்கவில்லை என்பது மற்றையது. காட்டிலே பல்லாண்டு வாழக்கூடிய விலங்கு கட்டுத்தறியிலே சில திங்களில் மடிவது ஏன் என்ற வினாவை எழுப்புதற்கே முதலில் ஒரு கணக்கு வேண்டியிருந்தது. அக்கணக்கிலும் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு வெற்றிடமாக இருந்தது. விலங்குத் தரவினைத் தொகுக்கும் முயற்சிகளுள் இலங்கையில் மிகப் பழையனவற்றுள் இதுவும் ஒன்றாகலாம்.

கடல் கடந்த யானைகள்

அதே காலத்தில் ஐரோப்பாவில் யானை ஒரு காட்சிப்பொருளாயிற்று. இலண்டன் மாநகரில் எக்செற்றர் சேஞ்ச் என்னும் கட்டடத்தின் மேன்மாடியிலே சுனி என்ற ஆண் யானையொன்று வைக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் ஒரு பருவத்தில் அது பெருஞ் சீற்றங் கொண்டது. 1826 மார்ச்சில் கூண்டை உடைத்துவிடும் என்று அஞ்சிய உரிமையாளர் அதனைச் சுடச் செய்தார். படைவீரரும் வரவழைக்கப்பட்டனர், நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்த பின்னரே அவ்வுயிர் பிரிந்தது. அதன் பல்லில் நோயிருந்தது என்பதும் பின்னர் பேசப்பட்டது. ஆனால் ஆண்டுதோறும் வந்து தணிந்த அச்சீற்றத்தை மதம் என்று அறிவதற்கு இந்தியாவிலோ இலங்கையிலோ ஒரு பாகன் போதும். மதம்பட்ட களிற்றை ஒதுக்கிக் கட்டி, உணவைக் குறைத்து, அப்பருவம் கழியும் வரை காத்திருப்பது பாகர் வழக்கம். யானை கப்பலேறி இலண்டன் சென்றது. பாகனின் அறிவு கரையிலேயே நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விலங்கு வணிகம் பெருகியது. ஹம்பேர்க் நகரத்துக் கார்ல் ஹாகன்பெக் அவ்வணிகத்தின் தலைவராக விளங்கினார். அவர் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளையும் மனிதரையும் ஒருங்கே கொண்டுசென்று ஐரோப்பிய நகரங்களிலே காட்சிக்கு வைத்தார். மனிதரையும் விலங்கோடு ஒப்ப நிறுத்திய அக்காட்சிகள் குடியேற்ற ஆட்சிக்காலத்து மனப்போக்கைக் காட்டுவன. அவரே 1907இல் ஸ்ரெலிங்கன் என்னுமிடத்தில் கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக அகழிகளை அமைத்து, விலங்குகள் திறந்த வெளியில் உலவுமாறு செய்தார். அவருடைய தம்பி முறையினரான யோன் ஹாகன்பெக் இலங்கையிற் குடியேறி விலங்கு வணிகம் நடத்தினார். தெகிவளையில் அமைந்த விலங்குத் தோட்டத்தின் தொடக்கம் அவரோடு தொடர்புடையது. அதனை நடத்திய கம்பனி முறிவடைந்தபின் 1936இல் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. அங்கு மாலைதோறும் நிகழ்ந்த யானை ஆட்டத்தை நெடுங்காலமாக மக்கள் திரண்டு பார்த்தனர்.

அகழி விலங்கின் காட்சியை மாற்றியதேயன்றி, அதன் வாழ்க்கையைப் பற்றிய அறிவைக் கூட்டவில்லை. ஒவ்வொரு மிருகக்காட்சிச்சாலையும் தன் இழப்பைத் தானே மறைத்தது. தன் அனுபவத்தைத் தானே வைத்திருந்தது. யானைக்கன்று ஈனுதல் மேனாட்டிலே மிக அரிதாயிற்று. 1962இல் அமெரிக்காவின் போட்லன்ட் நகரில் பக்கி என்ற ஆசிய யானைக்கன்று பிறந்தபோது, 44 ஆண்டுகளில் அந்நாட்டில் நிகழ்ந்த முதற் பிறப்பென அது கொண்டாடப்பட்டது. பிடிகளைத் தனித்தனியே கட்டிவைத்து, களிறுகளை அஞ்சி ஒதுக்கிய இடங்களிலே கன்று பிறவாமை வியப்பன்று. யானை எவ்வகைக் குடும்பத்தில் வாழும் விலங்கு என்பதையே எவரும் முறையாக எழுதியிருக்கவில்லை.

கல்லோயாக் காட்டிலே ஓர் ஆய்வு

இக்குறையை நீக்கிய முயற்சிகளுள் ஒன்று மட்டக்களப்பின் பழைய எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது. பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கும் கல்லோயாவை மறித்து நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டம் 1949இல் தொடங்கியது. காடு நீரில் மூழ்கியது. புதிய குடியேற்றங்கள் எழுந்தன. எஞ்சிய காட்டின் ஒரு பகுதி 1954இல் தேசியப் பூங்காவாயிற்று. அப்போது அம்பாறைப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1961இலேயே அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. சேனாநாயக்க சமுத்திரத்தின் கரைப் புல்வெளிகளில் மேய்ந்தும், நீரிலுள்ள தீவுகளுக்கு நீந்தியும் வாழ்ந்த யானைகள் ஆய்வாளரின் கண்ணுக்கு எளிதிற் புலப்பட்டன.

வாசிங்டன் தேசிய மிருகக்காட்சிச்சாலையின் ஆய்வறிஞரான யோன் ஐசன்பேர்க் என்பவரின் வழிகாட்டலில், சிமித்சோனியன் நிறுவனம் 1967இல் இலங்கையில் யானை ஆய்வொன்றைத் தொடங்கியது. யோர்ஜ் மக்கே கல்லோயா, லகுகலை முதலிய தென்கிழக்குப் பகுதிகளிலும், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பிரெட் கூர்ட் யால பூங்காவிலும் யானைகளைப் பின்தொடர்ந்தனர். மக்கேயின் ஆய்வு 1973இல் நூலாக வெளிவந்தது. பிடிகளும் கன்றுகளும் சேர்ந்தே யானைக் கூட்டம் அமைகின்றது. பாலூட்டும் தாயர் ஒருங்கே சேர்வதும், வளர்ந்த கன்றுகளைப் பேணும் பிடிகள் ஒருங்கே சேர்வதும் உண்டு. வளர்ந்த களிறுகள் பெரும்பாலும் தனித்துத் திரிகின்றன. பருவத்துக்கேற்ப யானைகள் நீரையும் புல்லையும் நாடி இடம்பெயர்கின்றன என்பன அதில் எண்ணிக்கைகளோடு விளக்கப்பட்டன. படுவான்கரை உழவர் இவற்றுட் பலவற்றை முன்னரே அறிவர் என்று ஒருவர் கூறலாம். அது மெய்யே. ஆயின் உழவர் அறிந்தது வாசிங்டனிலுள்ள காவலாளருக்கு எட்டவில்லை. எண்ணி எழுதப்பட்டபின்னரே எட்டியது.

இம்முயற்சியில் நம் பல்கலைக்கழகத்தாருக்கும் பங்குண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. பேராதனை மிருகவைத்திய பீடத்தைச் சேர்ந்த ஜெய்னுதீன், ஐசன்பேர்க், மக்கே ஆகியோருடன் இணைந்து வளர்ப்பு யானைகளின் மதத்தை ஆராய்ந்தார். 1972இல் வெளிவந்த ஆய்விலே, மதம்பட்ட களிறுகளின் குருதியில் தெஸ்தோஸ்தெரோன் என்னும் ஆண்மைச் சுரப்பு பன்மடங்கு உயர்ந்திருத்தலை அவரும் பிரித்தானிய அறிஞரும் நிறுவினர். சுனியைக் கொன்றவர்கள் வெறியென்று கண்டது, உடலிற் காலந்தோறும் நிகழும் இயற்கை மாற்றமே என்பது 146 ஆண்டுகளின் பின் அளவையால் உறுதியாயிற்று. இன்று மிருகக்காட்சிச்சாலைகள் களிறுகளுக்குத் தனி வெளியும், மதப்பருவத்திற் பாகனும் யானையும் தொடாது பழகும் பாதுகாப்பு அமைப்பும் ஏற்படுத்துவதற்கு இத்தகைய ஆய்வுகள் அடிப்படையாயின.

தரவு ஒன்றுசேர்ந்த வரலாறு

சுவிற்சர்லாந்து அறிஞர் ஹைனி ஹெடிகர் 1942இல் வெளியிட்ட நூலிலே, அடைபட்ட விலங்கின் நலனை அறிவதற்கு அதன் இயற்கை நடத்தையே அளவுகோல் என்று வற்புறுத்தினார். மிருகக்காட்சிச்சாலை உயிரியல் என்னும் துறைக்கு அவரைத் தந்தை என்பர். 1960 முதல் இலண்டன் விலங்கியற் கழகம் அனைத்துலக மிருகக்காட்சிச்சாலை ஆண்டு மலரை வெளியிட்டு, நாடுகளிடையே அனுபவங்கள் பரவ வழிசெய்தது. 1974இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் யுலிசிஸ் சீல், டேல் மேக்கி ஆகியோர் ஓர் அனைத்துலக விலங்குப் பதிவேட்டை நிறுவினர். ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் எண்; அதன் தாய், தந்தை, பிறப்பு, இடமாற்றம், நோய், இறப்பு அனைத்தும் ஒரே ஏட்டில் என்பதே அதன் நெறி. 2016இல் ஸ்பீசிஸ் 360 எனப் பெயர்மாறிய அந்நிறுவனத்தின் கணினி ஏட்டினை இன்று பல நாடுகளின் மிருகக்காட்சிச்சாலைகள் பயன்படுத்துகின்றன.

இவ்வரலாற்றில் இலங்கைக் கன்றொன்றின் குடும்பம் தனியிடம் பெறுகின்றது. 1975இல் பின்னவலையில் யானைகளின் அநாதை இல்லம் அமைந்தது. அங்கிருந்த சாந்தி என்ற பெண் கன்று 1976இல், அமெரிக்க விடுதலையின் 200ஆவது ஆண்டையொட்டி, இலங்கைச் சிறுவரின் பரிசாக வாசிங்டனுக்கு அனுப்பப்பட்டது. அங்கு வளர்ந்த சாந்தி 1993இல் குமாரி என்னும் கன்றை ஈன்றது. 1995இல் குமாரி திடீரென நோயுற்று இறந்தது. காரணம் எவருக்கும் விளங்கவில்லை. லோரா றிச்மன் என்னும் மிருகவைத்தியர் குமாரியின் உடலுறுப்பை ஆராய்ந்ததோடு நில்லாமல், பிற மிருகக்காட்சிச்சாலைகளிலே காரணம் அறியாது இறந்த யானைகளின் பேணப்பட்ட உறுப்புகளையும் ஒப்பிட்டார். யானைகளின் குருதிக்குழாய்களைத் தாக்கும் ஹேர்ப்பிஸ் வகை வைரசு ஒன்று 1999இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு மரணமும் ஒரு விபத்து. ஒருங்கே நோக்கியபோதே அவை ஒரே நோயாகத் தெரிந்தன. இன்று கன்றொன்று சோர்ந்து நின்றாலோ, உணவை மறுத்தாலோ, தலை வீங்கினாலோ, நா நீலம்பாரித்தாலோ காவலாளர் உடனே குருதியைச் சோதித்து மருந்தளிக்கின்றனர். எல்லாக் கன்றுகளும் பிழைப்பதில்லை. ஆயினும் பிழைப்பவை உள. சாந்தி 2001இல் ஈன்ற கண்டுல என்ற களிற்றுக்கன்று வளர்ந்து, எட்டாத உணவை எடுப்பதற்குப் பெட்டியொன்றைத் தானே உருட்டிவந்து அதன்மேல் ஏறியதை ஆய்வாளர் 2011இல் பதிவுசெய்தனர். சாந்தி 2020இல் இறந்தது.

திரட்டிய தரவு எப்போதும் மிருகக்காட்சிச்சாலைகளுக்கு இனிய செய்தியைத் தரவில்லை. 2008இல் றோஸ் கிளப், யோர்ஜியா மேசன் முதலியோர் 4500க்கு மேற்பட்ட யானைகளின் பதிவுகளை ஒப்பிட்டனர். ஐரோப்பிய மிருகக்காட்சிச்சாலையிற் பிறந்த ஆசியப் பிடியின் இடைநிலை ஆயுள் 18.9 ஆண்டுகள், பர்மாவின் மரத்தொழிற் கூட்டத்திற் பிறந்ததற்கோ அது 41.7 ஆண்டுகள். தாயிடமிருந்து இளமையிற் பிரித்தலும் இடம்விட்டு இடம் மாற்றுதலும் தீங்கு விளைப்பன என்றும் அவ்வாய்வு சுட்டிற்று. தெனன்ற் 138 யானைகளைக் கொண்டு எழுப்பிய வினா, ஒன்றரை நூற்றாண்டின் பின் பெருந்தொகைத் தரவோடு மீண்டும் எழுந்தது.

2016இல் வட அமெரிக்காவின் 68 மிருகக்காட்சிச்சாலைகளிலுள்ள 255 யானைகளைப் பற்றிய விரிந்த ஆய்வுத்தொகுதி வெளிவந்தது. நலன் குறைந்த யானையின் அறிகுறி, ஓரிடத்தில் நின்று பொருளின்றி நெடுநேரம் உடலையும் தலையையும் ஆட்டிக்கொண்டிருத்தல். தனித்து வைக்கப்படும் நேரம் கூடக்கூடவும், மாற்றப்பட்ட இடங்கள் கூடக்கூடவும் இவ்வாட்டம் மிகுகின்றது. பெரிய கூட்டத்தோடும் கன்றுகளோடும் கழியும் நேரம் கூடும்போது குறைகின்றது என்பது தெரியவந்தது. வன்தரையில் நின்ற யானைகளைவிட மென்தரை வாய்த்தவை நெடுநேரம் படுத்துறங்கின. இம்முடிவுகளுக்கேற்பப் பல நிறுவனங்கள் மணற்றரை இட்டன. தாய், மகள், பெயர்த்தி ஆகியவற்றைப் பிரியாது வைத்தன. போதிய இடமும் கூட்டமும் அளிக்க இயலாதென உணர்ந்த சில, யானை வைத்திருப்பதையே கைவிட்டன.

இத்தகைய ஒப்பீடு எளிதன்று. ஒரு காவலாளர் ஆட்டம் என்று எழுதுவதை மற்றொருவர் அமைதியின்மை என்று எழுதுவாராயின் இரண்டையும் கூட்ட இயலாது. ஆகவே எச்செயலை எச்சொல்லாற் குறிப்பது, எவ்வளவு நேரம் நோக்குவது என்று முன்னரே வரையறுத்த நடத்தைப் பட்டியல் தேவைப்படுகின்றது. காட்டில் நிற்கும் யானை காலசைப்பது இயல்பு என்று பணிக்கர் கண்டனர். வேலிக்குள் நிற்கும் யானை பல மணிநேரம் ஆடுவது நோய் என்று இன்றையோர் காண்கின்றனர். இவ்விரண்டினையும் பிரித்தறிதற்குக் காட்டு யானையை அறிந்தவரும் கட்டுண்ட யானையை அறிந்தவரும் ஒரே சொல்லைப் பொதுவாக வழங்கவேண்டும். இன்னொரு தடையும் உண்டு. தன்னிடத்து இறப்பையும் குறையையும் வெளியிட நிறுவனங்கள் நாணுகின்றன. 1856இன் கணக்கிலே 102 யானைகளுக்குக் குறிப்பில்லாமற் போனது அசட்டையால். இன்று குறிப்பு இல்லாமற் போவது நாணத்தாலாயின் விளைவு ஒன்றே.

மீண்டும் வாவிக்கரைக்கு

இவ்வறிவு இலங்கைக்கும் திரும்பியுள்ளது. வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் உடவளவையிலே தாயிழந்த கன்றுகளுக்கு ஓர் இடைத்தங்கல் நிலையத்தை அமைத்தது. கன்றுகளுக்கு மூன்று மணிக்கொருமுறை பாலூட்டுவர். ஏனைய வேளைகளில் மனிதர் தொடர்பைக் குறைத்து, கன்றுகள் தம்முள் நட்புக்கொள்ள விடுவர். வளர்ந்தபின் தனித்தன்றிக் கூட்டமாகவே காட்டில் விடுவர். 1998 முதல் இவ்வாறு பல கன்றுகள் காடேகின. யானை கூட்டத்தால் வாழும் விலங்கு என்ற உண்மை அங்கு நடைமுறையாயிற்று.

மட்டக்களப்பில் நிலைமை வேறு. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் கிழக்கின் காடுகளிலே யானையைப் பின்தொடர்ந்து ஆராய்தல் அரிதாயிற்று. பணிக்கர் தொழில் அதற்கு முன்னரே ஓய்ந்துவிட்டது. இன்று படுவான்கரையில் வேளாண்மை விளையும் காலம் இரவுகள் அச்சத்தோடு கழிகின்றன. காவற்பரணில் விழித்திருப்பவன் வெடிகொளுத்துகின்றான். யானையும் மாள்கின்றது, மனிதனும் மாள்கின்றான். எந்தக் களிறு, எப்பருவத்தில், எவ்வழி வருகின்றது என்பதை அவ்வுழவனே நன்கறிவான். கொம்பன் எது, அலியன் எது, கன்றுள்ள பிடி எது என்று இருளிலேயே பிரித்துச் சொல்ல வல்லவன் அவன். ஓர் ஊரில் விரட்டிய யானை மறுநாள் எவ்வூரிற் புகும் என்பது அடுத்த ஊரானுக்குத் தெரிவதில்லை. மிருகக்காட்சிச்சாலைகள் நூறாண்டு கழித்துக் கற்ற பாடமே இங்கும் வேண்டப்படுகின்றது: கண்டதை ஒரே சொல்லால் எழுதுதல், எழுதியதை ஒருவரோடொருவர் பகிர்தல்.

ஏறாவூருக்கு அணித்தாக, வந்தாறுமூலையிலே, 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விநிலையம் இருக்கின்றது. கல்லோயா யானைகளின் வாழ்வை அறிய விரும்பும் தமிழ் மாணவன் வாசிங்டனில் அச்சான ஆங்கில நூலையே நாடவேண்டியுள்ளது. பணிக்கர் குடும்பத்து முதியோரின் நினைவிலே கயிறு திரிக்கும் முறையும், சுவடு காணும் முறையும், யானையைத் தேற்றும் முறையும் எவ்வளவேனும் எஞ்சியிருக்குமாயின், அவற்றைத் தமிழிற் பதிவுசெய்வது நம் தலைமுறையின் கடன். விலங்கியல் மாணவரும் வரலாற்று மாணவரும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஏறாவூருக்கும் படுவான்கரைக்கும் செல்லவேண்டும். இயன்றால் இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம். அன்று இறந்த 240 யானைகளுள் 102 எவ்வளவு காலம் கட்டுத்தறியில் நின்றன என்பதை இனி எவராலும் அறியமுடியாது. பணிக்கர் அறிவும் அந்த வெற்றிடத்தோடு சேராமற் காப்பதற்கு இன்னும் சிறிது காலம் இருக்கின்றது.